எம்.ஆர்.ராதாவும் எங்க ஊர் ஏரிக்கரையும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஒரு ரிலீஸ், அது முடிஞ்சா அடுத்த ரிலீஸ்னு ஓடிட்டே இருந்ததுல கடைக்குப் பூட்டு போட்ட மாதிரி ஆயிடுச்சு. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப ஒரு விஷயம் நடந்தது. அதை எழுதியே ஆகணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ, காபி ஏதாவது எடுத்து வெச்சிக்கிட்டு உக்காருங்க.

நமக்கு ஊர் தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். ராகி, நிலக்கடலை, புளியமரம், எப்பவாவது தண்ணி நிக்கிற ஒரு ஏரி. பொழப்பு பெங்களூர்ல. வெள்ளிக்கிழமை ராத்திரி எலக்ட்ரானிக் சிட்டியில பஸ் ஏறினா ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி விடியறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம். பொங்கலன்னிக்கு மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் உருண்டுக்கிட்டு இருந்தாங்க. தாத்தாவுக்குப் பொழுது போகட்டுமேன்னு என் போனை டிவில இணைச்சு 'ரத்தக்கண்ணீர்' போட்டு விட்டேன். தாத்தாவுக்கு எண்பதைத் தாண்டியாச்சு. காது கொஞ்சம் மந்தம், ஆனா எம்.ஆர்.ராதா குரல் மட்டும் எப்படியோ கேட்டுடும். அந்தக் குரல் அப்படி. கீழே கரகரன்னு ஆரம்பிச்சு திடீர்னு மேலே ஏறிக் கீச்சுன்னு உடையும்.

கால் மணி நேரம் பார்த்துட்டுத் தாத்தா சொன்னார்: "இது நாடகத்துல பாதி கூட இல்ல கண்ணு."

எங்க தாத்தா எதையுமே "அந்தக் காலத்துல பாதி கூட இல்ல"ன்னுதான் சொல்வார். தக்காளி, மழை, போலீஸ்காரன் மீசை, எல்லாத்துக்கும் அதே தீர்ப்புதான் :-). ஆனா இந்த ஒரு விஷயத்துல அவர் சொன்னது உண்மைன்னு, பெங்களூர் திரும்பி வந்து கொஞ்சம் படிச்சப்புறம்தான் புரிஞ்சது.

எம்.ஆர்.ராதான்னு சொன்ன உடனே நம்ம ஆளுங்களுக்கு ரெண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒண்ணு 'ரத்தக்கண்ணீர்', இன்னொண்ணு எம்.ஜி.ஆரைச் சுட்டது. ரெண்டாவது விஷயத்தைப் பத்தி ஏற்கெனவே லாரி லாரியா எழுதிட்டாங்க, அதனால அதை வேகமா தாண்டிடறேன். 1967 ஜனவரி 12 அன்னிக்குத் தயாரிப்பாளர் கே.கே.வாசுவோட ராதா ராமாவரம் தோட்டத்துக்குப் போனார். அங்கே துப்பாக்கி வெடிச்சது. எம்.ஜி.ஆருக்குக் காதுப் பக்கம் குண்டு பாய்ஞ்சது, ராதாவுக்கும் காயம். கழுத்துல கட்டுப் போட்ட எம்.ஜி.ஆர் படம் போஸ்டரா ஊரெல்லாம் ஒட்டப்பட்டு, அடுத்த மாசம் நடந்த தேர்தல்ல தி.மு.க. ஜெயிச்சது, எம்.ஜி.ஆர் பரங்கிமலைத் தொகுதியில ஜெயிச்சார். ராதாவுக்கு ஏழு வருஷம் தண்டனை, மேல்முறையீட்டுல அது குறைஞ்சு, 1971ல வெளியே வந்தார். அவ்வளவுதான். பல வருஷமா நாடக மேடையில் நின்ன ஒருத்தரோட கதை ஒரு சாயங்காலத்துச் சம்பவத்துல மாட்டிக்கிட்டது பெரிய அநியாயம்னு எனக்குத் தோணும்.

சரி, ஆரம்பத்துக்குப் போவோம்.

ராதா பிறந்தது 1907ல், சென்னை சிந்தாதிரிப்பேட்டையில். மெட்ராஸ் ராஜகோபாலன் ராதாகிருஷ்ணன். சுருக்கி எம்.ஆர்.ராதா. அப்பா பட்டாளத்துக்காரர், முதல் உலகப் போர்ல செத்துப் போனார். பையன் வீட்ல கோவிச்சுக்கிட்டு ஓடிப் போய் நாடகக் கம்பெனியில சேர்ந்தான். வீட்ல சாப்பாட்டுல தனக்குச் சின்ன மீன் துண்டு வெச்சாங்கன்னு கோவிச்சுக்கிட்டுத்தான் ஓடினதாச் சொல்வாங்க. மீன் துண்டால தமிழ்நாட்டுக்கு ஒரு நடிகர் கிடைச்சிருக்கார் பாருங்க!

அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனின்னா என்னன்னு இப்ப இருக்கிறவங்களுக்குச் சொல்லணும். ஸ்கூல், ஹாஸ்டல், ஜெயில் மூணையும் ஒண்ணாப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு இடம். பத்துப் பன்னெண்டு வயசுப் பசங்க. பாட்டு, வசனம், ஆட்டம் எல்லாம் மனப்பாடம். ஊர் ஊராப் போய்க் கொட்டகை போட்டு ஆடணும். குரல் உடையுற வரைக்கும் பெண் வேஷம், உடைஞ்சப்புறம் வேற வேஷம், இல்லைன்னா வீட்டுக்கு. சிவாஜி கணேசன் அப்படி ஒரு கம்பெனியில சின்னப் பையனாப் பெண் வேஷம் போட்டுக்கிட்டு இருந்தப்ப ராதாவும் அங்கே இருந்திருக்கார். அப்புறம் சினிமாவுல அவங்க ரெண்டு பேரும் எதிரெதிரே நிக்கும்போது ஒரு தனி வாகு தெரியும், கவனிச்சிருக்கீங்களா? 'பலே பாண்டியா' (1962) படத்துல ரெண்டு பேரும் உக்காந்து பாட்டுல போட்டி போடுற காட்சியைப் பாருங்க. சிவாஜி மூணு வேஷம், ராதா ரெண்டு வேஷம் போட்ட படம் அது. அந்தக் காட்சியில ராதா ஸ்வரத்துக்கு வாயசைக்கிறதை நான் குறைஞ்சது அம்பது தடவை பார்த்திருப்பேன்.

சினிமாவுக்கு ராதா சீக்கிரமாவே போயிட்டார். 1937ல 'ராஜசேகரன்'. மாடியில இருந்து குதிரை மேல குதிக்கிற காட்சியில காலை உடைச்சுக்கிட்டார்னு சொல்வாங்க. அப்புறம் 'பம்பாய் மெயில்' (1939), 'சத்தியவாணி' (1940) மாதிரி சில படங்கள். அதுக்கப்புறம் சினிமாவை விட்டுட்டு மேடைக்கே திரும்பி வந்துட்டார். எனக்கு ஆச்சரியமா இருந்த இடம் இதுதான். நாடகத்துல இருந்து சினிமாவுக்குப் போறதுதான் உலக வழக்கம். எம்.ஜி.ஆர், சிவாஜி, டி.எஸ்.பாலையா, கே.ஏ.தங்கவேலு எல்லாரும் அந்த ரூட்தான். சினிமாவைப் பார்த்துட்டு "இது எனக்கு வேணாம்"னு திரும்பி வந்து, நாப்பது வயசுக்கு மேல மேடையில தமிழ்நாட்டையே கட்டி ஆண்டவர் இவர் ஒருத்தர்தான்.

மேடையில அப்படி என்ன பண்ணினார்? 'இழந்த காதல்' நாடகத்துல ஒரு நாற்காலி சீன். ராதா ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில உக்காந்தே அந்த சீனை ஓட்டுவாராம். முகமே தெரியாது, குரலும் கையும்தான். நாடகம்னாலே முன்னாடி வந்து நின்னு ஜனங்களைப் பார்த்துப் பாடுறதுன்னு இருந்த காலம் அது. அந்த ஒரு சீனுக்காகவே கூட்டம் வந்தது. அப்புறம் கலைஞர் எழுதின 'தூக்குமேடை', லட்சுமிகாந்தன் கொலை வழக்கை வெச்சு 'லட்சுமிகாந்தன்', விதவை மறுமணத்தைப் பேசின 'விமலா'ன்னு வரிசையா நாடகங்கள். மு.கருணாநிதிக்குக் 'கலைஞர்'னு பட்டம் கொடுத்தது ராதாதான், அதுவும் 'தூக்குமேடை' சமயத்துலதான்னு சொல்வாங்க. பெரியார் தொண்டர். சென்னை பெரியார் திடல்ல இன்னிக்கும் ராதா பேர்ல மன்றம் இருக்கு. வெளிநாட்டு இம்பாலா கார் வாங்கிட்டு அதுல வைக்கோல் ஏத்திக்கிட்டுப் போனார்னு ஒரு கதை உண்டு. கார்ங்கிறது தகரம்தானே, இதுல என்ன மரியாதைன்னு கேட்டாராம். இஎம்ஐ கட்டி வாங்கின காரைத் தினம் துணி போட்டுத் துடைக்கிற என் டீம் லீடுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கலை :-)

இப்ப 'ரத்தக்கண்ணீர்'. எழுதினவர் திருவாரூர் கே.தங்கராசு. நாப்பதுகளோட கடைசியில ஆரம்பிச்ச நாடகம், ஆயிரக்கணக்கான தடவை மேடையேறினது. கதை தெரியாதவங்களுக்கு ரெண்டே வரியில: மோகனசுந்தரம் வெளிநாட்டுல படிச்சிட்டு வந்த பெரிய பணக்காரன். அம்மாவை மதிக்க மாட்டான், கட்டின மனைவி சந்திராவை மதிக்க மாட்டான், காந்தாங்கிற தாசியோட வீட்டுலயே கிடப்பான். சொத்து போய், தொழுநோய் வந்து, கண்ணும் போய், காந்தாவே வெளியே தள்ள, தெருவுல பிச்சை எடுக்கிறான். கடைசியில மனைவியைத் தன் நண்பன் பாலுவுக்குக் கட்டி வெச்சிட்டு, என்னை இந்தக் கோலத்துலயே சிலையா வைங்கன்னு சொல்லிட்டுச் செத்துப் போறான். 1954ல கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்துல நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார் இதைப் படமா எடுத்தார். காந்தாவா எம்.என்.ராஜம், சந்திராவா ஸ்ரீரஞ்சனி, பாலுவா எஸ்.எஸ்.ராஜேந்திரன். பன்னெண்டு வருஷத்துக்கு மேல சினிமா பக்கமே வராத ராதா, நாடகம் நடத்துறது நிக்கக்கூடாது, ஷூட்டிங்கை அதுக்குத் தகுந்த மாதிரி வெச்சுக்கணும்னு கண்டிஷன் போட்டுத்தான் நடிச்சார்னு சொல்வாங்க. படம் ஓடு ஓடுன்னு ஓடின பிறகும் அவர் பாட்டுக்கு மேடைக்கே திரும்பிட்டார். அம்பதுகளோட கடைசியிலதான் மறுபடி சினிமா. அப்ப வந்ததுதான் நம்ம டிவியில பார்க்கிற ராதா. 'பாகப்பிரிவினை'யில (1959) சிங்கப்பூர்ல இருந்து வந்து குடும்பத்தைப் பிரிக்கிறவர், 'பாவ மன்னிப்பு'ல (1961) ஆளவந்தார். அதெல்லாம் நல்ல வேஷங்கள்தான். ஆனா ஒரே மாதிரி வில்லனாவே போட்டுப் போட்டு அந்தக் குரலைச் சினிமாக்காரங்க ஒரு ஊறுகாயா ஆக்கிட்டாங்கங்கிறது என் அபிப்ராயம். சண்டைக்கு வராதீங்க.

தாத்தா இந்த நாடகத்தைப் பார்த்தது சேலத்துல. அப்ப தர்மபுரி தனி மாவட்டமே கிடையாது. சேலம் ஜில்லாவைப் பிரிச்சது 1965 அக்டோபர்லதான். தாத்தாவுக்கு அப்போ இருபது வயசு கூட இல்ல. ஊர்ல இருந்து நாலஞ்சு இளவட்டங்க மஞ்ச வித்த காசோட பஸ் ஏறிப் போயிருக்காங்க. "பாதி கூட இல்லன்னா என்ன தாத்தா, இதே வசனம்தானே?"ன்னு கேட்டேன்.

"வசனமா? வசனம் எங்கடா இருந்திச்சு. அன்னிக்குப் பேப்பரைக் கையில எடுத்துக்கிட்டு வந்து அதைப் படிச்சுப் படிச்சு கிழிச்சாரு. முன்னாடி சேர்ல உக்காந்திருந்த பெரிய மனுசங்களை ஒருத்தர் விடல. எந்திரிச்சுப் போனவனையும் விடல."

இது தாத்தா மட்டும் சொல்ற கதை இல்ல. ராதா மேடையில அன்னன்னிக்குச் செய்தித்தாளைப் பிடிச்சு விமர்சனம் பண்ணுவார், ஜனங்க கத்துறதுக்குப் பதில் சொல்லுவார், எதிர்த்துக் கத்தினா அதையே வசனமாக்கிடுவார்னு பார்த்தவங்க எல்லாரும் சொல்லியிருக்காங்க. யோசிச்சுப் பாருங்க. நாடகம்ங்கிறது அவருக்குத் தினம் ஒரு புது பில்ட். நாம 1954 படத்துல பார்க்கிறது ஏதோ ஒரு நாள் எடுத்து வெச்ச பேக்கப் மாதிரி. அந்தப் பேக்கப்பே இந்தப் போடு போடுதுன்னா ஒரிஜினல் எப்படி இருந்திருக்கும்!

எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது ரொம்ப சுலபம். கட்டியங்காரன்னு சொன்னா போதும். எங்க ஊர்ல திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கும்போது ராத்திரி முழுக்கக் கூத்து. கிரீடம், புஜக்கட்டையோட துரியோதனன் திரைக்குப் பின்னாடி ஆடிக்கிட்டே வருவார். கட்டியங்காரன் மட்டும் கோமாளிக் குல்லாயோட ராஜா யார், எவர்னு கிண்டலா விசாரிப்பான். திடீர்னு பாரதத்தை விட்டுட்டு, பஞ்சாயத்துல ரோடு போடாத கதையைப் பேசுவான். முன்னாடி உக்காந்திருக்கிற பிரசிடெண்ட் சிரிக்கவும் முடியாம முறைக்கவும் முடியாம நெளிவார். அஸ்தினாபுரத்துக்கும் பென்னாகரத்துக்கும் நடுவுல தாவுற உரிமை அவன் ஒருத்தனுக்குத்தான் உண்டு. ராதா பண்ணினது என்னன்னா, அந்தக் கட்டியங்காரனையே ராஜாவா ஆக்கிக் கதாநாயகன் இடத்துல உக்கார வெச்சார். இது நான் எங்கேயும் படிச்சது இல்ல, எனக்குத் தோணினதுதான். கூத்து தெரிஞ்சவங்க தப்புன்னா சொல்லுங்க.

கட்டியங்காரன் ராஜாவானா நிஜ ராஜாவுக்குக் கோபம் வரும் இல்லையா? வந்தது. ராதா நாடகத்துக்குத் தடை போடுவாங்க, அவர் அதே நாடகத்தை வேற பேர் வெச்சுப் போடுவார், அதுக்கும் தடை வரும். அவரோட ராமாயண நாடகத்துல பிரச்சினை உச்சத்துக்குப் போச்சு. மனசு புண்படும்னு நினைக்கிறவங்க தயவுசெஞ்சு வராதீங்கன்னு அவரே விளம்பரம் போட்டார்னு சொல்வாங்க. (கூட்டம் வர இதைவிட நல்ல விளம்பரம் உண்டா?) கைது, வழக்கு எல்லாம் நடந்தது. 1954ல சென்னை மாகாணத்துல நாடக நிகழ்ச்சிகள் சட்டம்னு தனியா ஒண்ணு கொண்டு வந்தாங்க. ஆட்சேபகரமான நாடகம்னு தோணினா அரசாங்கம் தடுக்கலாம். வெள்ளைக்காரன் 1876ல போட்ட நாடகச் சட்டம் ஏற்கெனவே இருந்தது, சுதந்திரம் வந்து ஏழு வருஷத்துல நம்ம ஆளுங்க இன்னொண்ணு போட்டாங்க. ராதாவுக்காகவே வந்த சட்டம்னு அப்பவே பேச்சு.

இதுல எனக்குத் தூக்கிவாரிப் போட்ட விஷயம் ஒண்ணு. பேப்பரைப் படிச்சுப் பேசுறவரை, ஸ்கிரிப்டை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் பார்க்கிற போலீஸ் எப்படிப் பிடிக்கும்? எழுதிக் கொடுத்த நாடகம் வேற, ஆடின நாடகம் வேற. ரிவ்யூவுக்கு ஒரு கோட், புரொடக்‌ஷன்ல வேற கோட்! சட்டம் மட்டும் ராதா செத்தப்புறமும் போகலை. யார் ஆட்சிக்கு வந்தாலும், அவர் பட்டம் கொடுத்தவரே முதலமைச்சராகியும், அப்படியே இருந்தது. பரீக்‌ஷா நாடகக் குழு நடத்தின ஞாநி கோர்ட்டுக்குப் போய், 2013ல சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தோட முக்கியமான பிரிவுகளை அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு ரத்து பண்ணுச்சு. 59 வருஷம். 1876 சட்டத்தை ரத்து பண்ண 2017ல போட்ட சட்டம் வேண்டி இருந்தது.

இது வரைக்கும் எழுதினது எல்லாம் ராதா ரசிகனா எழுதினது. இனிமே எழுதறது கொஞ்சம் கஷ்டமான பகுதி.

நான் ஆறாவது படிக்கும்போது விஜய் டிவியில 'கலக்கப்போவது யாரு' ஓடிக்கிட்டு இருந்த நேரம். ஊர்ல எல்லாப் பசங்களும் மிமிக்ரி ஆர்ட்டிஸ்ட். எனக்கு ரஜினி வராது, கமல் வராது, ராதா குரல் மட்டும் அச்சா வரும். ஸ்கூல் ஆண்டு விழாவுல ராதா பேசி ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கினேன். அது இன்னும் வீட்ல இருக்கு.

எங்க ஊர் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசையில ஒரு தாத்தா தனியா இருந்தார். பேரைச் சொல்ல வேண்டாம், நாங்க யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. விரல்கள் பாதிதான் இருக்கும், மூக்கு அமுங்கி இருக்கும், காலுக்கு டயர் செருப்பு. சாயங்காலம் டீக்கடைக்கு வந்தா அவருக்குன்னு ஒரு தேங்காய்ச் சிரட்டை தனியாத் தொங்கும். ஸ்கூல் விட்டு வரும்போது நாங்க நாலஞ்சு பேர் தள்ளி நின்னுக்கிட்டு ராதா குரல்ல கத்துவோம். கத்துவோம் என்ன, நான்தான் கத்துவேன். அந்தக் குரல் எனக்குத்தானே நல்லா வரும். மத்தவனுங்க சிரிப்பானுங்க. அவர் திரும்பிப் பார்ப்பார், ஒண்ணும் சொல்ல மாட்டார். நான் எட்டாவது படிக்கும்போது அவர் செத்துப் போயிட்டார்.

இந்தத் தடவை படத்தை முழுசாப் பார்க்கும்போது இது ஞாபகம் வந்துட்டே இருந்தது. வந்து சில விஷயங்களைத் தேடிப் படிச்சேன். தொழுநோய் ஒரு கிருமியால வர்றது. நார்வேக்காரர் ஹான்சன் 1873லயே அந்தக் கிருமியைப் பார்த்துட்டார். தாசி வீட்டுக்குப் போறதால வர்றது இல்ல, பாவம் பண்றதால வர்றது இல்ல. தொட்டா ஒட்டிக்கிற நோயும் இல்ல. ரொம்பப் பேரோட உடம்புக்கு இயற்கையாவே அதைத் தடுக்கிற சக்தி உண்டு. விரல் தானா அழுகி விழறது இல்ல. நரம்பு செத்து உணர்ச்சி போயிடறதால சூடு பட்டாலும் வெட்டுப்பட்டாலும் தெரியாம, புண்ணாகி புண்ணாகித் தேய்ஞ்சு போகுது. இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்கள்ல முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். எங்கே? பக்கத்துல இருக்கிற வேலூர்ல, நாப்பதுகளோட கடைசியில. மடங்கிப் போன கைகளை ஆபரேஷன் பண்ணி நிமிர்த்திக் காட்டினார். அதே நாப்பதுகள்ல செங்கல்பட்டு பக்கம் திருமணி ஆஸ்பத்திரியில டாக்டர் காக்ரேன் டாப்ஸோன் மருந்தைக் கொடுத்துப் பார்த்துக்கிட்டு இருந்தார்.

அதாவது, மேடையில மோகனசுந்தரத்துக்குத் தண்டனையாத் தொழுநோய் வந்துக்கிட்டு இருந்த அதே வருஷங்கள்ல, இதே தமிழ்நாட்டுல அதுக்கு மருந்தும் வந்துக்கிட்டு இருந்தது.

ராதா புராணத்தைக் கிழிச்சவர். ஆனா கிருஷ்ணனோட மகன் சாம்பனுக்கு அப்பா சாபத்தால தொழுநோய் வந்ததுன்னு புராணம் சொல்றதுக்கும், ஒழுக்கம் கெட்டதால மோகனுக்கு வந்ததுன்னு பகுத்தறிவு நாடகம் சொல்றதுக்கும் என்ன வித்தியாசம்? சாபம் கொடுக்கிற சாமியை மட்டும் எடுத்துட்டாங்க, சாபம் அப்படியே இருக்கு. இதைச் சொன்னா என் நண்பன் ஒருத்தன் கோவிச்சுக்கிட்டான். அந்தக் காலத்துல நிறைய பேர் அப்படித்தான் நம்பினாங்க, அதுக்கு ராதா என்ன பண்ணுவார்னு கேட்டான். அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஒண்ணை ஒத்துக்கணும். நோய் வந்தப்புறம்தான் மோகன் நாடகத்துலயே புத்திசாலியான ஆளா ஆகிறான். பிச்சை எடுத்துக்கிட்டே பணக்காரனையும் பக்தனையும் கிண்டல் பண்றான். ஜனங்க அவனைப் பார்த்துச் சிரிக்கல, அவனோட சேர்ந்து மத்தவங்களைப் பார்த்துச் சிரிச்சாங்க. ஒரு தொழுநோயாளி வாய் திறந்து பேச, ஆயிரம் பேர் உக்காந்து காது கொடுத்துக் கேட்டது அந்தக் காலத்துல வேற எங்கே நடந்திருக்கும்? ரெண்டும் உண்மைதான். எனக்கு இதை எப்படித் தராசுல வைக்கிறதுன்னு தெரியல.

ஆனா நாடகம் மேடையோட நிக்கலையே. தெலுங்குல நாகபூஷணம் இதையே ஊர் ஊராப் போட்டு, அவர் பேரே 'ரக்தகண்ணீரு' நாகபூஷணம்னு ஆயிடுச்சு. கன்னடத்துல 2003ல உபேந்திரா நடிச்சார். என் பக்கத்து சீட் மாண்டியாக்காரன் அதுல இருந்து வசனமாப் பேசித் தள்ளுவான். அந்தப் பக்கம் சட்டம் நகர்ந்த வேகத்தைப் பாருங்க: 1898ல போட்ட தொழுநோயாளிகள் சட்டத்தை ரத்து பண்ணினது 2016ல. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய்னா விவாகரத்து வாங்கலாம்னு கல்யாணச் சட்டங்கள்ல இருந்ததை நீக்கினது 2019ல. எண்பதுகள்ல இருந்தே கூட்டு மருந்து சிகிச்சை வந்து, ஆறு மாசத்துலயோ ஒரு வருஷத்துலயோ குணமாகிற நோய் இது!

ராதா ஜெயில்ல இருந்து வந்தப்புறம் மறுபடி மேடையேறினார், சில படங்கள்லயும் நடிச்சார். 1979 செப்டம்பர் 17ல திருச்சியில காலமானார். பெரியார் பிறந்த நாள் அது. வாசு, ராதாரவி, ராதிகா, நிரோஷான்னு பிள்ளைகள் சினிமாவுல இருந்தது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

அடுத்த மாசம் ஊருக்குப் போனப்ப, திண்ணையில தாத்தாகிட்ட ஏரிக்கரைத் தாத்தா பத்திப் பேச்சை எடுத்தேன். நான் கத்தினதைச் சொல்லல, சொல்ல வாய் வரல. அவருக்கு வைத்தியமே பார்க்கலையான்னு மட்டும் கேட்டேன்.

"பார்த்தாங்களே. ஒரு நர்சம்மா சைக்கிள்ல வந்து மாசா மாசம் மாத்திரை குடுத்திட்டுப் போகும். நல்லாயிடுச்சுன்னு எழுதியே குடுத்தாங்க. நல்லாயி இருபது வருசம் இருந்தான். விரல் போனது போனதுதானே."

"அப்போ அந்தச் சிரட்டை?"

தாத்தா கொஞ்ச நேரம் பேசல. வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டார். அப்புறம் சொன்னார்: "சேலத்துக்கு நாடகம் பார்க்கப் போனோம்னு சொன்னேன் இல்ல, அதுல அவனும் உண்டு. அப்ப அவனுக்கு ஒரு சீக்கும் கிடையாது. எங்க எல்லாரையும் விட ஜாஸ்தி சிரிச்சது அவன்தான். திரும்பி வர்றப்ப தொப்பூர் கணவாய் வரைக்கும் பஸ்ல ராதா மாதிரியே பேசிக்கிட்டு வந்தான். அச்சா ராதா குரல். உனக்கு வருமே, அந்த மாதிரி."